அம்புக்குறி வரையும் முன்: எரிசக்தித் திட்டம் வகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எரிசக்தித் துறை அமைச்சர்களுக்கும், செயலாளர்களுக்கும், ஏற்றுமதித் திட்ட வரைவுக் குழுவினருக்கும்,

வணக்கம்.

உறையின் மேல் நாட்டின் பெயர் இல்லையே என்று தேட வேண்டாம். வேண்டுமென்றேதான் எழுதாமல் விட்டேன். புதுப்பிக்கத்தக்க ஆற்றலை வளர்த்து ஏற்றுமதி செய்வது பற்றிய திட்ட அறிக்கைகளைப் படித்துப் பிழை திருத்துவது என் பிழைப்பின் ஒரு பகுதி. கண்டம் மாறும், மொழி மாறும், அட்டைப்படத்தில் காற்றாலைக்குப் பின்னால் சூரியன் உதிக்கிறதா மறைகிறதா என்பதும் மாறும். உள்ளே வரும் வரைபடம் மட்டும் மாறவே மாறாது. நடுவில் பச்சை வண்ணத்தில் நாடு. அதன் விளிம்பிலிருந்து எல்லையையும் கடலையும் தாண்டிப் பணக்கார நாடுகளை நோக்கிப் பாயும் தடித்த அம்புக்குறிகள். கீழே, 'உலகின் பசுமை ஆற்றல் மையம்' என்றொரு வரி. எல்லா நாடும் மையமாகிவிட்டால் சுற்றிலும் இருக்கப்போவது யார் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அந்த அம்புக்குறியைப் பற்றித்தான் இந்த மடல். அதற்குள் என்ன ஓடுகிறது என்று அறிக்கை சொல்வதில்லை. மின்சாரமா, ஹைட்ரஜனா, இரும்பா, உரமா, இயந்திரமா, வேலை தெரிந்த ஆளா? ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கணக்கு. எல்லாவற்றையும் ஒரே மையில் வரைந்துவிட்டு, '2040-க்குள் இத்தனை கோடி' என்று பக்கத்தில் எழுதினால் அது கணக்காகிவிடாது. ஏற்றுமதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்தத் தொழிலில் வெளியே ஜெயித்தவர்கள் பெரும்பாலும் உள்ளே நீண்ட காலம் பயன்படுத்திப் பழகியவர்கள். அந்தப் பழக்கத்துக்கு உங்கள் அறிக்கையில் ஒரு அத்தியாயம்கூட இல்லை என்பதுதான் என் குறை.

டென்மார்க்கிலிருந்து தொடங்குகிறேன். எல்லா அறிக்கையும் அதைத்தான் உதாரணம் காட்டுகிறது. காட்டுகிற விதம்தான் சரியில்லை. 'சிறிய நாடு, நல்ல காற்று, உலகச் சந்தை' என்று மூன்றே சொற்றொடரில் கதையை முடித்துவிடுகிறார்கள். காற்று டென்மார்க்கில் மட்டுமா வீசுகிறது?

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பல நாடுகள் காற்றாலையில் இறங்கின. ஜெர்மனி 'குரோவியான்' என்ற ராட்சத ஆலையைக் கட்டியது. 3 மெகாவாட், 100 மீட்டர் விட்டம், பெரிய நிறுவனங்கள், தாராளமான அரசுப் பணம். 1983-ல் எழுப்பியதை 1988-ல் பிரித்துப் போட்டார்கள். இடையில் அது ஓடியது மொத்தமே சுமார் 420 மணி நேரம். அமெரிக்காவில் நாசாவே காற்றாலைகளை வடிவமைத்தது. நிலவுக்கு ஆள் அனுப்பியவர்களின் அந்த ஆலைகளும் சந்தையில் நிற்கவில்லை.

அதே ஆண்டுகளில் டென்மார்க்கில் இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவர்கள் தச்சர்கள், கொல்லர்கள், விவசாயக் கருவி செய்பவர்கள். இன்று உலகெங்கும் தெரிந்த வெஸ்டாஸ் நிறுவனம் 1898-ல் லெம் என்ற சிற்றூரில் ஒரு கொல்லுப் பட்டறையாகத் தொடங்கியதுதான். 1979-ல் அவர்கள் காற்றாலை விற்க ஆரம்பித்தபோது அதன் திறன் சில பத்து கிலோவாட். குரோவியானின் பக்கத்தில் வைத்தால் பொம்மை. ஆனால் பொம்மை உடைந்தால் அடுத்த வாரமே சரிசெய்யலாம். ஏன் உடைந்தது என்று தெரிந்துகொண்டு அடுத்ததைச் செய்யலாம். ராட்சதன் விழுந்தால் விசாரணைக் குழுதான் அமைக்க முடியும்.

அரசு அங்கே செய்த காரியம் சிறியது, ஆனால் கூர்மையானது. ரிசோ ஆய்வு மையத்தில் 1978-ல் ஒரு காற்றாலைச் சோதனை நிலையத்தை நிறுவியது. மறு ஆண்டு, காற்றாலை வாங்குபவருக்கு முதலீட்டில் 30 சதவீதம் மானியம் அறிவித்தது. நிபந்தனை, அந்த ஆலை ரிசோவில் தேறியிருக்க வேண்டும். ஒன்று பழுதானாலும் மற்றொன்று பிடிக்கிற மாதிரி ஒன்றையொன்று சாராத இரண்டு பிரேக் அமைப்புகள் வேண்டும் என்றெல்லாம் கறாராக இருந்தார்கள். இன்னொரு பக்கம், காற்றாலை உரிமையாளர்கள் சங்கமாகச் சேர்ந்து, எந்த ஆலை எத்தனை யூனிட் தந்தது, எது எப்போது பழுதானது என்று தங்கள் இதழில் அச்சிட்டார்கள். தயாரிப்பாளர் தன் குறையை ஒளிக்க இடமே இல்லை. வாங்குபவர் அடுத்த தெருவில் இருப்பவர், கணக்கோடு வந்து நிற்பார்.

இதற்கெல்லாம் பிறகுதான் அம்புக்குறி வந்தது. 1980-களின் முற்பகுதியில் கலிஃபோர்னியா வரிச்சலுகை கொடுத்துக் காற்றாலைகளை வரவேற்றபோது, மலைக் கணவாய்களில் பலவகை இயந்திரங்கள் நடப்பட்டு, பல உதிர்ந்தன. டேனிஷ் ஆலைகள் கனமானவை, அழகில்லாதவை, ஆனால் ஓடின. சொந்த ஊரில் உடைந்து முடித்துவிட்டு வந்தவை அல்லவா.

கதை அங்கேயே முடிந்திருந்தால் அறிக்கைகளுக்கு வசதி. 1985 இறுதியில் அந்தச் சலுகை நின்றது. கலிஃபோர்னியாவையே நம்பியிருந்த வெஸ்டாஸ் 1986-ல் கடன் கட்ட முடியாமல் நொடித்தது. பிறகு காற்றாலைப் பிரிவு மட்டும் தனி நிறுவனமாக மீண்டு எழுந்தது. வேறொரு நாட்டு வரிச் சட்டத்தின் ஒரு வரி, உங்கள் நாட்டுத் தொழிற்சாலையைப் பூட்டிவிடும். அறிக்கையில் 'இடர்கள்' என்ற தலைப்பின் கீழ் சூறாவளியையும் நிலநடுக்கத்தையும் எழுதுகிறீர்கள். வாங்குகிற நாட்டில் தேர்தல் வரும் என்று யாரும் எழுதுவதில்லை.

இதில் கவனிக்க இன்னொன்றும் உண்டு. பல நாடுகள் உள்நாட்டுத் தொழிலை வளர்க்க, 'உள்நாட்டில் செய்த பாகங்களையே பயன்படுத்த வேண்டும்' என்று சட்டத்தில் எழுதுகின்றன. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் அப்படி எழுதி 2013-ல் உலக வர்த்தக அமைப்பில் தோற்றது. இந்தியாவின் சூரிய மின் திட்டம் 2016-ல் தோற்றது. 'இந்தச் சோதனையில் தேறியதையே வாங்க வேண்டும்' என்று எழுதுவது வேறு வகை. சோதனை நியாயமாக இருந்தால் அதன்மேல் குற்றம் சொல்வது கடினம். கறாரான சோதனைக்கூடம் கட்டுவதற்கு ஆகும் செலவு, நீங்கள் அறிவிக்கும் மானியத் தொகையின் ஓரத்தில் சிந்துவதுதான். எந்த அமைச்சரும் சோதனைக்கூடத்துக்கு ரிப்பன் வெட்டிப் புகைப்படம் எடுத்துக்கொள்ள ஆசைப்படுவதில்லை என்பதுதான் சிக்கல்.

சூரியத் தகட்டுத் தொழிற்சாலைக்கு ரிப்பன் வெட்ட எல்லாருக்கும் ஆசை. அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிரீன் குழு சூரிய மின்கலத்தை மேம்படுத்தியது. அங்கே அவரிடம் முனைவர் பட்டம் பெற்ற ஷி ஜெங்ரோங் சீனா திரும்பி, 2001-ல் வூஷி நகரில் சன்டெக் நிறுவனத்தைத் தொடங்கினார். ஜெர்மனி 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் சூரிய மின்சாரத்துக்கு 20 ஆண்டுகளுக்கு நிலையான விலை தந்து சந்தையை உருவாக்கியது. அறிவு ஒரு நாட்டில், சந்தை இன்னொன்றில், தொழிற்சாலை மூன்றாவதில். அறிவு இருந்த நாடு ஏற்றுமதி செய்யவில்லை. சந்தை இருந்த ஜெர்மனியின் கியூ-செல்ஸ், 2008-ல் உலகின் மிகப் பெரிய மின்கலத் தயாரிப்பாளராக இருந்து, 2012-ல் திவாலானது. சன்டெக்கின் வூஷி பிரிவும் 2013-ல் அதே வழியில் போனது. தனி நிறுவனம் விழுந்தாலும் சீனாவின் தொழில் விழவில்லை. கண்ணாடி, அலுமினியச் சட்டம், சிலிக்கான் வார்ப்பு, இயந்திரம் செய்பவர் என்று சுற்றிலும் ஒரு முழு ஊரே வளர்ந்துவிட்டிருந்தது. தகட்டுத் தயாரிப்பின் எல்லாக் கட்டங்களிலும் சீனாவின் பங்கு 80 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று 2022-ல் பன்னாட்டு எரிசக்தி முகமை கணக்கிட்டது.

வெளியிலிருந்து மின்கலத்தை வாங்கி ஒட்டி, சுற்றிலும் அலுமினியச் சட்டம் மாட்டி, 'நம் நாட்டுத் தயாரிப்பு' என்று முத்திரை குத்தி அனுப்புவதை ஏற்றுமதித் தொழில் என்று எழுதாதீர்கள். லாபம் தாள் அளவு மெல்லியது, வாங்குகிற நாடு இறக்குமதித் தீர்வையை ஒரு புள்ளி நகர்த்தினால் கிழிந்துவிடும். அதைவிட, மின்மாற்றிகளைப் பாருங்கள். உலகெங்கும் மின்தொகுப்புகள் விரிவடைவதால் பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். கேபிள், சுவிட்ச்கியர், தாங்கு சட்டகம், துணை மின்நிலையக் கட்டுப்பாட்டுப் பெட்டி எதுவும் அட்டைப்படத்துக்கு ஆகாது. ஆனால் உள்நாட்டு மின்வாரியத்துக்கும் தேவை, வெளிநாட்டுக்கும் தேவை. இரண்டு காலிலும் நிற்கலாம்.

இனி நேரடி மின்சார ஏற்றுமதி. இதில்தான் அம்புக்குறி மிகத் தடிமனாக இருக்கும்.

தொழில்நுட்பத்தில் பெரிய தடை கிடையாது. உயர் அழுத்த நேர்மின் பாதையில் 1,000 கிலோமீட்டருக்கு இழப்பு சுமார் 3 சதவீதம்தான். நார்வேக்கும் பிரிட்டனுக்கும் இடையே 720 கிலோமீட்டர் கடலடி கேபிள் 2021 முதல் ஓடுகிறது. தடை வேறு இடத்தில். சஹாராவின் வெயிலை ஐரோப்பாவுக்கு அனுப்பும் டெசர்டெக் கனவுக்காக 2009-ல் பெரிய பெரிய நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்தன. ஐந்தே ஆண்டுகளில் பெரும்பாலோர் கழன்றுகொண்டனர். ஆஸ்திரேலியாவிலிருந்து சிங்கப்பூருக்கு நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கேபிள் இழுக்கக் கிளம்பிய சன் கேபிள் நிறுவனம் 2023 ஜனவரியில் திவால்கால நிர்வாகிகள் கைக்குப் போனது. பிறகு புதிய உரிமையாளர் வந்தார். மொராக்கோவிலிருந்து பிரிட்டனுக்கான திட்டத்துக்கு விலை உத்தரவாதம் தர முடியாது என்று 2025 ஜூனில் பிரிட்டன் அரசு கைவிரித்தது. கம்பி நீள நீள, இரு முனையிலும் இருக்கும் அரசுகளின் பொறுமையும் அதே அளவு நீள வேண்டும்.

கம்பி வெற்றிகரமாக ஓடினாலும் பிரச்சினை தீராது. நார்வே மின்சாரத்தை அனுப்பிய அதே கம்பி வழியே ஐரோப்பாவின் விலை நார்வேக்குள் வந்தது. 2021, 2022-ல் தென் நார்வேயின் வீட்டுக் கட்டணங்கள் அதுவரை காணாத உயரத்துக்குப் போயின. அரசு மானியம் கொடுத்துச் சமாளித்தது. கோபம் அடங்கவில்லை. 2025 ஜனவரியில் ஐரோப்பிய எரிசக்தி விதிகள் தொடர்பான சண்டையில் கூட்டணிக் கட்சி ஒன்று அரசை விட்டே வெளியேறியது. ஏற்றுமதி வருமானம் கருவூலத்துக்கு, விலையேற்றம் சமையலறைக்கு. இதை எப்படிப் பகிர்வது என்று நார்வே மாதிரிப் பணமுள்ள நாடே தடுமாறுகிறது. உங்கள் அறிக்கையில் உள்நாட்டுக் கட்டணம் என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்று தேடிப் பார்த்தேன். பின்னிணைப்பில் ஒரு முறை.

பராகுவேயின் கதை இன்னும் நீளம். பரானா ஆற்றில் இட்டாய்ப்பு அணைக்கு 1973-ல் பிரேசிலோடு ஒப்பந்தம். 14,000 மெகாவாட்டில் பாதி பராகுவேயுடையது. தன் பாதியில் பயன்படுத்தாததைப் பிரேசிலுக்கு மட்டுமே கொடுக்கலாம், அதுவும் சந்தை விலைக்கு இல்லை, ஒப்பந்தம் வகுத்த ஈட்டுத்தொகைக்கு. சிறிய நாட்டால் தன் பங்கில் பெரும்பகுதியைப் பயன்படுத்த முடியவில்லை. ஈட்டுத்தொகையை மும்மடங்காக்க 2009 வரை போராட வேண்டியிருந்தது. விலை விதிகளை மறுபரிசீலனை செய்ய ஒப்பந்தம் குறித்த ஆண்டு 2023, அதாவது ஐம்பது வருடம் கழித்து. கையெழுத்துப் போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் பேச்சுவார்த்தை மேசையில். 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பார்கள். ஆற்றிலிருந்து எடுக்கும்போதும் அளக்க வேண்டும்.

பூடான் வேறு மாதிரி. 1980-களின் இறுதியில் இந்தியாவின் உதவியோடு முடிந்த 336 மெகாவாட் சுக்கா நீர்மின் நிலையம் தொடங்கி, மின்சாரம் விற்றே அந்த நாடு பள்ளியும் மருத்துவமனையும் கட்டியது. நல்ல வியாபாரம்தான். ஆனால் குளிர்காலத்தில் ஆறு சுருங்கும்போது அதே நாடு இந்தியாவிலிருந்து மின்சாரம் வாங்குகிறது. நிறைய இருக்கும்போது விற்று, இல்லாதபோது வாங்குவது. வருடாந்தரச் சராசரியை மட்டும் போடும் உங்கள் அட்டவணையில் இது தெரியவே தெரியாது. (மிச்ச மின்சாரத்தில் பூடான் அரசு பிட்காயின் தோண்டியது தனிக்கதை. கம்பியே இல்லாமல் மின்சாரத்தை வெளிநாட்டுக்கு விற்கும் தந்திரம் என்று ரசிக்கலாம். பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.)

கம்பியைப் பற்றிப் பேசும்போது கென்யாவின் துர்கானா ஏரியை மறக்க முடியாது. 365 காற்றாலைகள், 310 மெகாவாட், 2017-ல் தயார். மின்சாரத்தை எடுத்துச்செல்ல வேண்டிய 400 கிலோமீட்டருக்கும் மேலான மின்பாதை தயாரானது 2018 செப்டம்பரில். இடைப்பட்ட காலமெல்லாம் உலகின் மிக நல்ல காற்றில் ஒன்று, நின்றுகொண்டிருந்த இறக்கைகளைத் தடவிக்கொண்டு போனது. தாமதத்துக்கான அபராதமும் அரசின் தலையில். உள்நாட்டுக்குள்ளேயே கம்பி போகாத நிலையில் கடல் தாண்டி அம்புக்குறி வரைவதை என்னவென்று சொல்வது?

ஹைட்ரஜனுக்கு வருகிறேன். கம்பி முடியாத தூரத்துக்குக் கப்பல் என்கிறீர்கள். சரி, கணக்குப் போடுவோம். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு, நீரை மின்சாரத்தால் பிரிக்கும் எலக்ட்ரோலைசர் 50 யூனிட்டுக்கு மேல் தின்னும். குறைந்தது 9 லிட்டர் தூய நீரும் வேண்டும். வெளியே வரும் ஹைட்ரஜனில் இருப்பது சுமார் 33 யூனிட். திரவமாக்கினால் மைனஸ் 253 டிகிரி, அதற்குத் தனி மின்சாரம். அம்மோனியாவாக்கினால் மைனஸ் 33 டிகிரி போதும், கப்பலில் ஏற்றுவது எளிது. ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் அதை மறுபடி உடைத்து மின்சாரமாக்கினால், புறப்பட்ட மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. வெயில் இலவசம் என்பதால் வீணாவதும் இலவசம் என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். வெயில் இலவசம். தகடும், நிலமும், வட்டியும் இலவசமல்ல.

ஹைட்ரஜனை எரிபொருளாக அனுப்பாமல், அது எங்கே ஏற்கெனவே மூலப்பொருளாக வேண்டியிருக்கிறதோ அங்கே, உங்கள் மண்ணிலேயே பயன்படுத்தினால் கணக்கு மாறுகிறது. இதைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மறுபடி நார்வேக்குப் போக வேண்டும், ஆனால் எண்ணெய்க்கு முந்தைய நார்வேக்கு.

1905-ல் ஸ்வீடனிடமிருந்து பிரிந்த ஏழை நாடு. கையில் இருந்தது அருவிகள். அந்தக் காலத்தில் மின்சாரத்தை வெகுதூரம் கொண்டுபோக முடியாது. கிறிஸ்டியான் பிர்க்கெலாண்ட் என்ற இயற்பியலாளர் மின்காந்தப் பீரங்கி ஒன்றைச் செய்து, 1903-ல் பெரியவர்கள் முன்னிலையில் செயல்விளக்கம் காட்டப் போய், அது குறுக்குமின் பாய்ந்து பெரும் பொறி கக்கிக் கெட்டுப்போனது. மானம் போனது, ஆனால் அந்த மின்வில் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்க உதவும் என்று தோன்றியது. பொறியாளர் சாம் எய்டேயோடு சேர்ந்து அருவி மின்சாரத்தால் காற்றிலிருந்து உரம் செய்தார்கள். 1905 டிசம்பரில் நார்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் பிறந்தது. 1911-ல் ரியூக்கான் பள்ளத்தாக்கில் வெமோர்க் மின்நிலையம் திறந்தது, அன்று உலகிலேயே பெரியது. அனுப்ப முடியாத மின்சாரம் உர மூட்டையாகிக் கப்பலேறியது. 1920-களின் இறுதியில் அங்கே நீரை மின்பகுத்து ஹைட்ரஜன் எடுத்து அம்மோனியா செய்யவும் தொடங்கிவிட்டார்கள். 'வருங்காலத் தொழில்நுட்பம்' என்று உங்கள் அறிக்கை தடித்த எழுத்தில் போடுவது, என் கணக்கில் கொள்ளுப்பாட்டன் காலத்துச் சமாசாரம்.

நான் உண்மையில் மெச்சுவது அந்த உர ஆலையைக்கூட இல்லை. வெளிநாட்டு முதலீட்டாளர்கள் வரிசையாக வந்து அருவிகளை வாங்கத் தொடங்கியதும் நார்வே நாடாளுமன்றம் 1906-ல் அவசரமாக ஒரு சட்டம் போட்டது. 'பீதிச் சட்டம்' என்றே அதற்குப் பெயர் வந்தது. அனுமதியில்லாமல் அருவியை வாங்க முடியாது. 1909-ல் இன்னும் தெளிவாக எழுதினார்கள்: 60 முதல் 80 ஆண்டுகள் நடத்திக்கொள்ளலாம், பிறகு அணையும் இயந்திரமும் இழப்பீடில்லாமல் அரசுக்குத் திரும்ப வேண்டும். பிறந்து சில ஆண்டுகளே ஆன நாடு, அன்னியப் பணம் இல்லாமல் ஒரு சுரங்கம்கூடத் தோண்ட முடியாத நாடு, இதைச் சொல்லத் துணிந்தது. முதலீட்டாளர்கள் ஓடிவிடவில்லை. நார்ஸ்க் ஹைட்ரோவில் ஸ்வீடன் பணமும் பிரெஞ்சுப் பணமும் இருந்தன, இருந்துகொண்டே இருந்தன. 'நிபந்தனை போட்டால் முதலீடு வராது' என்று உங்களை மிரட்டும் ஆலோசகரிடம் இந்த ஆண்டுகளைக் காட்டுங்கள்.

பொருளாக மாற்றி அனுப்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஐஸ்லாந்துக்கு வெளியே செல்லும் மின்கம்பி எதுவும் இல்லை. 1969 முதல் அலுமினியமாகத்தான் தன் மின்சாரத்தை ஏற்றுமதி செய்கிறது. ஒரு டன்னுக்கு சுமார் 14,000 யூனிட். ஆனால் 2000-களில் ஒரே ஓர் ஆலைக்காக 690 மெகாவாட் காரான்யூக்கர் அணையைக் கட்டி, மேட்டுநிலத்தை மூழ்கடித்து, மின்விலையை ரகசியமாக வைத்தபோது அந்த அமைதியான மக்களே வீதிக்கு வந்தார்கள். ஆலையில் வேலை சில நூறு பேருக்கு. ரகசிய விலைதான் எனக்கு அதில் முக்கியம். மக்கள் சொத்தை என்ன விலைக்கு விற்கிறோம் என்று மக்களுக்கே சொல்ல முடியாத ஒப்பந்தம் இருந்தால், அதில் ஏதோ இருக்கிறது.

இன்று பொருள் வழி ஏற்றுமதிக்கு ஒரு புதிய தள்ளுவிசையும் வந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் கட்டணம் 2023 அக்டோபரில் கணக்கு கேட்பதில் தொடங்கி, 2026 ஜனவரி முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்துவிட்டது. இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் எல்லாம் அதில் அடக்கம். ஸ்வீடனின் லூலியோவில் 2021-லேயே ஹைட்ரஜன் கொண்டு இரும்புத் தாதுவைக் கடற்பஞ்சு இரும்பாக்கிக் காட்டிவிட்டார்கள். தாதுவும் வெயிலும் ஒரே இடத்தில் உள்ள நாடு, தாதுவைத் தனியாகவும் ஹைட்ரஜனைத் தனியாகவும் கப்பலேற்றுவது எனக்கு விநோதமாகப் படுகிறது. இரும்பாக்கி அனுப்பினால் கப்பலில் சுமையும் குறையும், மைனஸ் 253-ம் இல்லை.

வட்டியைப் பற்றிச் சுருக்கமாக. அனல் மின்நிலையத்துக்கு ஆயுள் முழுக்க நிலக்கரி வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். சூரியனுக்கும் காற்றுக்கும் ஏறக்குறைய எல்லாச் செலவும் முதல் நாளே. ஆகவே ஒரு யூனிட்டின் விலை வெயிலைவிட வட்டியைத்தான் அதிகம் சார்ந்திருக்கிறது. வெயில் குறைந்த நாட்டில் மலிவான கடன், வெயில் கொளுத்தும் நாட்டில் விலை உயர்ந்த கடன் என்றால், வெயிலின் லாபத்தை வங்கி எடுத்துக்கொள்கிறது. வட்டியை ஏற்றுவது அரசின் சொல் மாறுவது. ஸ்பெயின் 2007-ல் தாராள விலை அறிவித்து, மறு வருடமே சூரியத் தகடுகள் வெள்ளமாகக் குவிய, பின்னர் ஏற்கெனவே கட்டியவர்களுக்கும் விலையை வெட்டியது. அதன் வழக்குகள் இன்னும் சர்வதேசத் தீர்ப்பாயங்களில் ஓடுகின்றன. குறைவாகச் சொல்லி, சொன்னதைக் காப்பாற்றினால் அதுவே பெரிய மானியம்.

கடைசியாக, எந்த வரைபடத்திலும் அம்புக்குறி போடாத ஏற்றுமதி. ஐஸ்லாந்து 1979 முதல் புவிவெப்பப் பொறியாளர்களுக்கு ஒரு பயிற்சித் திட்டம் நடத்துகிறது. பல நாடுகளிலிருந்து ஆறு மாதம் வந்து தங்கிப் படித்துப் போவார்கள். கென்யாவிலிருந்தும் தொடர்ந்து போனார்கள். கென்யாவின் ஓல்காரியாவில் முதல் புவிவெப்ப அலகு 1981-ல் ஓடியது. வெறும் 15 மெகாவாட். அவசரப்படாமல் துளைத்துத் துளைத்துப் பழகினார்கள். இன்று அந்நாட்டு மின்சாரத்தில் சுமார் நாற்பது சதவீதம் பூமியின் சூட்டிலிருந்து வருகிறது. 2019-ல் எத்தியோப்பியாவிலும் 2021-ல் ஜிபூட்டியிலும் கிணறு துளைக்கும் ஒப்பந்தங்களைக் கென்யாவின் கென்ஜென் நிறுவனம் பெற்றது. துளைக்கும் பொறி, அதை ஓட்டும் ஆள், பாறையை வாசிக்கத் தெரிந்த புவியியலாளர் எல்லாம் சேர்ந்த ஏற்றுமதி. கம்பி வேண்டாம், கப்பலில் குளிர்பதனம் வேண்டாம், விற்ற பிறகும் சரக்கு வீட்டிலேயே இருக்கும். நாற்பது வருடம் ஆகும் என்பது ஒன்றுதான் குறை. நாற்பது வருடம் உங்கள் பதவிக்காலத்தில் அடங்காது என்பது எனக்கும் தெரியும்.

எனவே பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த வரைவு அச்சுக்குப் போகும் முன் மூன்றாம் பக்கத்து வரைபடத்தில் சில வேலைகள் செய்யுங்கள். ஒவ்வொரு அம்புக்குறியின் மேலும் அதற்குள் ஓடுவது என்ன பொருள் என்று எழுதுங்கள். அது புறப்படும் புள்ளிக்கும் அருகிலுள்ள துணை மின்நிலையத்துக்கும் இடையே இன்று கம்பி இருக்கிறதா என்று கோடு போட்டுக் காட்டுங்கள். அந்தப் புள்ளியைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு ஒரு நாளில் எத்தனை மணி நேரம் மின்சாரம் வருகிறது, ஏற்றுமதி தொடங்கிய பிறகு என்ன கட்டணம் கட்டுவார்கள் என்று பக்கத்தில் சிறிய எழுத்திலாவது போடுங்கள். நிலமும் நிலையமும் எந்த ஆண்டில் நாட்டுக்குத் திரும்பும் என்ற தேதியையும் சேருங்கள். இவற்றில் ஏதாவது ஒன்றை நிரப்ப முடியவில்லை என்றால் அந்த அம்புக்குறியை அழித்துவிடுங்கள். வரைபடம் கொஞ்சம் வெறுமையாகத் தெரியும். பிழை திருத்தும்போது நான் அதைப் பற்றிப் புகார் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் அறிக்கைகளைக் கடைசிப் பக்கம்வரை படிக்கும் ஒருவன்

பின்குறிப்பு: 'பசுமை ஹைட்ரஜன்: உலகுக்கு ஒரு புத்தம் புதிய எரிபொருள்' என்ற துணைத்தலைப்பை மாற்றிவிடுங்கள். டென்மார்க்கின் அஸ்கோவ் பள்ளி ஆசிரியர் பௌல் லா கூர் 1891-லேயே காற்றாலையில் மின்சாரம் எடுத்து, பிறகு அதைக்கொண்டு ஹைட்ரஜன் பிரித்துப் பள்ளிக்கு விளக்கேற்றினார். ஹைட்ரஜனில் கொஞ்சம் ஆக்சிஜன் கலந்துபோய் வெடித்ததில் பள்ளியின் ஜன்னல் கண்ணாடிகளைப் பலமுறை மாற்ற வேண்டியிருந்ததாம்.